பின் பிரேக்கைக் கவனியுங்கள்!

கணவர் வண்டியை ஓட்ட, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் மடியில் குழந்தையுமாகப் போகும் சகோதரிகளை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது ஒன்றும் பிரமாத வேகமில்லை. ஆனால் அந்த வேகத்திலேயே வண்டி ஒவ்வொரு விநாடியும் 11 மீட்டர் தூரம் ஓடிவிடுகிறது! குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி வந்தால், ஓட்டுகிறவர் அதைப் பார்த்துக் காலை அழுத்துவதற்குள்ளேயே பாதித் தெரு போய்விடும். அப்புறம் நம்மைக் காப்பாற்ற வேண்டியது பிரேக்தான்.

உங்கள் வீட்டில் இருப்பது பழைய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் புல்லட் இன்றும் பல வீடுகளில் அப்பா காலத்துச் சொத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 2019 ஏப்ரல் முதல், 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் கட்டாயமாயிற்று. பாட்டன் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை!

உள்ளே என்ன நடக்கிறது?

பின் சக்கரத்தின் நடுவே டிரம் என்ற இரும்புக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ‘ஷூ’க்கள். பெடலை அழுத்தினால் ஒரு கம்பி இழுக்கிறது. கம்பி ஒரு சிறு கையைத் திருப்புகிறது. ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை உராய்கின்றன. ஷூவின் மேல் ஒட்டிய லைனிங், செருப்பின் அடித்தோல் மாதிரி. உராய உராயத் தேயும்.

தேய்ந்தால் பெடல் அதிகம் கீழே இறங்கும். உடனே நம் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? கம்பியின் நுனியிலுள்ள திருகை இரண்டு சுற்று முறுக்கிவிட்டு, “இன்னும் ஒரு வருஷம் கவலையில்லை!” என்கிறார். முறுக்கினால் பெடல் மேலே வருமே தவிர, தேய்ந்த லைனிங் வளர்ந்துவிடுமா? லைனிங் ஒரேயடியாகத் தீர்ந்தால், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகள் டிரம்மைக் கீறத் தொடங்கும். ஷூவோடு போக வேண்டிய செலவு டிரம்முக்கும் வந்துவிடும்.

தேய்வு சீக்கிரம் வருவதற்குச் சில பழக்கங்களும் காரணம். சிலர் பெடலின் மேலேயே பாதத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பின் விளக்கு சும்மாவே சிவப்பாக எரிந்தால் இதுதான் ரகசியம்! ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைப் பாதையில் இறங்கும்போது பிரேக்கையே நம்பி வந்தால் டிரம் சூடேறி விரிந்து, அழுத்தினாலும் பிடிக்காது. கீழ் கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குவதுதான் முறை.

இன்னொரு விஷயம். தளர்ந்த சங்கிலியை இறுக்கும்போது பின் சக்கரம் சற்றுப் பின்னால் நகர்கிறது. பிரேக் கம்பியும் அதோடு இழுபட்டு, ஷூ எப்போதும் உரசிக்கொண்டேயிருக்கும். சங்கிலியைத் தொட்டால் பிரேக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கலாம்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். ‘கர்கர்’ என்று உலோகச் சத்தம் கேட்கக் கூடாது. பிறகு ஒருவர் பெடலை அழுத்தட்டும்; நீங்கள் சக்கரத்தின் அருகே அந்தச் சிறு கையைப் பாருங்கள். கம்பிக்கும் கைக்கும் நடுவே தச்சரின் மூலைமட்டம் போல் நேர்க்கோணம் வரும் அளவில் நின்றால் நல்லது. அதையும் தாண்டி முன்னே சாய்ந்துவிட்டால், முறுக்கும் காலம் முடிந்தது. ஷூவை மாற்றும் காலம் வந்துவிட்டது.

டிரம்மைத் திறந்தால் அங்குள்ள தூசியை வாயால் ஊதவோ, குழந்தைகளைப் பக்கத்தில் விடவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருந்தார்கள். அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுவது உத்தமம். எண்ணெயோ கிரீஸோ ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்தான்

“முன் பிரேக் தூக்கிப் போட்டுவிடும்” என்று பயந்து, பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பவர்கள் அநேகம். வண்டி நிற்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. அப்போது பலமாக மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். தெருவில் மணலோ மழைநீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். முன் பிரேக்கைச் சீராக அழுத்தி, பின் பிரேக்கையும் கூடவே நிதானமாகச் சேர்த்தால்தான் வண்டி சீக்கிரம் நிற்கும்.

பின்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பின் சக்கரத்தில் பாரம் அதிகம்; அதனால் பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மொத்தப் பாரமும் ஏறுவதால் ஷூ விரைவில் தேயும். குடும்பத்தோடு ஓடும் வண்டிக்குத்தான் சோதனை அடிக்கடி வேண்டும்.

அடுத்த தடவை கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும் முன்பு, புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொள்வதோடு, “பிரேக் ஷூ மாற்றி எத்தனை நாளாச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால், அன்றைக்கு பஸ்ஸில் போய்விட்டு, மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.