தேமலும் அதன் பூஞ்சையும்: பெயராய்வு

நிகண்டு நூலார் ஒரு பொருட்குரிய பல பெயர்களை ஒருங்கு தொகுத்தனர். பல பொருள் உணர்த்தும் ஒரு சொல்லைத் தனித் தொகுதியுள் வைத்தனர். இவ்விரு நிலையும் மருத்துவப் பெயர்களிடத்தும் உண்டு. மனிதர், விலங்குகளின் தோலில் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை இதற்குத் தக்க சான்றாகும்.

தேமல் பூஞ்சையால் விளைவதென 1846-இல் ஐக்ஸ்டெட் கண்டார். 1874-இல் மலசே என்னும் பிரெஞ்சு அறிஞர் தலைத்தோற் செதிலில் இவ்வுயிரை விளக்கினார். 1889-இல் பெய்யோன் அவர் பெயரால் மலசீசியா என்னும் பேரினத்தை வகுத்தார். 1904-இல் சபூரோ பிட்டிரோஸ்போரம் எனப் பிறிதொரு பெயர் தந்தார். இழைவடிவும் முட்டைவடிவும் ஓருயிரின் இரு நிலைகளே என்பது பின்னரே தெளிவாயிற்று. முந்திய பெயரே நிலைத்தது.

இதற்கு மறுதலையாக, ‘பர்பர்’ என்னும் ஒரு பெயருள் பல சிற்றினங்கள் மறைந்திருந்தன. 1996-இல் குவேயோ முதலானோர் இப்பேரினத்தை ஏழு சிற்றினங்களாகப் பகுத்தனர். இன்று அவை பதினைந்துக்கும் மேற்பட்டன.

இப்பகுப்புக்கு அடிப்படைகளுள் ஒன்று உணவு. இவை தமக்கு வேண்டும் கொழுப்பமிலத்தைத் தாமே ஆக்கமாட்டா. ஆதலின் நெய்ப்பசை மிக்க தலை, மார்பு, முதுகு ஆகியவற்றை உறைவிடமாகக் கொள்ளும். பொடுகிலும் இவற்றுக்குப் பங்குண்டு. 1925-இல் வீட்மன் காண்டாமிருகத்தின் தோலிலிருந்து பிரித்த சிற்றினம், தடித்த தோல் என்னும் பொருள்பட ‘பேக்கிடெர்மாட்டிஸ்’ எனப்படும். நாய்களின் காதழற்சியில் இது பெரிதும் காணப்படும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகளை இது தொற்றியமை 1998-இல் வெளியிடப்பட்டது. பணியாளரின் வளர்ப்பு நாய்களிடமிருந்து அவர்தம் கைவழியாக வந்திருக்கலாம் என ஆய்ந்தோர் கருதினர். விலங்கின் நோயென ஒதுக்கற்பாலது அன்று இது.

பெயர்ப் பிழை மருந்துப் பிழைக்கும் இடனாகும். டீனியா என்பது படர்தாமரைக்குரிய பெயர். அந்நோயின் பூஞ்சை தோலின் கெரட்டினை உண்பது. தேமற் பூஞ்சையோ நெய்ப்பொருளை நாடுவது. படர்தாமரைக்கு உட்கொள்ளும் கிரிசியோபுல்வின் தேமலைத் தீர்க்காது. எனவே தேமலை ‘டீனியா வெர்சிகலர்’ எனல் பொருந்தாது. தமிழோ தேமல், படர்தாமரை என இரண்டனையும் வேறுபடுத்தும். உரையாசிரியர் சுணங்கினைத் தேமல் என்றது அழகுக்குறி பற்றியே, நோய் பற்றியன்று. இவ்வேறுபாடறிந்து, கலைச்சொல் ஆக்குவோர் தேமல் என்னும் சொல்லைப் படர்தாமரையொடு மயங்காது காத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.