நெட்வொர்க் கார்டு இயங்கவில்லையா? பதறாமல் பாருங்கள்!

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 14 பேரின் என்.எம்.எம்.எஸ். தேர்வு விண்ணப்பங்களை இணையத்தில் பதிவேற்ற மறுநாள்தான் கடைசி நாள். உதவித்தொகைக்குத் தெரிவாகும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலைக்குச் செல்லும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு அது பெரிய தொகை. மீதமிருந்த விண்ணப்பங்களை இரவில் முடித்துவிடலாம் என்று வீட்டில் கணினியைத் திறந்தேன். இணையம் வரவில்லை.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் போனது. எதை மாற்றினேன் என்பதே நினைவில்லை. ‘சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்’ என்று வகுப்பில் சொல்லும் அறிவியல் ஆசிரியை நான்!

கடைசியில், பக்கத்துப் பள்ளியின் கணினி ஆசிரியரை அழைத்தேன். “டீச்சர், முதல்ல பிள்ளைங்க வேலையை முடிங்க. ரிப்பேரை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். சார்ஜர் கேபிளால் கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்கச் சொன்னார். இணையம் வந்துவிட்டது! கைப்பேசியே நெட்வொர்க் கார்டின் வேலையைச் செய்கிறது. வைஃபை வசதியில்லாத மேசைக் கணினிக்கும் இது பொருந்தும். இரவு 11 மணிக்குள் 14 விண்ணப்பங்களும் பதிவேறின.

மறுநாள் மாலை அவர் சொல்லித்தந்தபடி பொறுமையாகக் கோளாறைத் தேடினேன். அந்த வரிசை உங்களுக்கும் உதவும்.

வெளியே பாருங்கள்: அதே ரூட்டரின் வைஃபை மூலம் கைப்பேசியில் இணையம் வருகிறதா? வந்தால் இணைப்பில் குறையில்லை. கேபிள் அல்லது கணினிப் பக்கம்தான் தேட வேண்டும். கேபிள் செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

கணினியிடமே கேளுங்கள்: விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். கார்டின் பெயரருகே மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால் பெயரை இருமுறை சொடுக்குங்கள். காரணம் ஓர் எண்ணோடு தெரியும்.

• கோட் 22: கார்டு முடக்கப்பட்டுள்ளது. வலது சொடுக்கி, ‘எனேபிள்’ கொடுத்தால் போதும்.
• கோட் 28: டிரைவர் நிறுவப்படவில்லை. டெதரிங் மூலம் இணையம் பெற்று, கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை இறக்கி நிறுவலாம்.
• கோட் 10: கார்டு இருக்கிறது, ஆனால் தொடங்க முடியவில்லை.

பட்டியலில் கார்டே இல்லையென்றால் அது இருக்கையில் தளர்ந்திருக்கலாம், பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம்.

என் கணினியில் கோட் 10. அதற்கு மூன்று வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. கணினியை அணைத்து, மின் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு இணைத்து இயக்குங்கள்.
2. டிரைவர் புதுப்பித்த பிறகு கோளாறு வந்திருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். இல்லையேல் தேவையான டிரைவரை இறக்கி வைத்துக்கொண்டு, ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
3. தனியாகச் செருகிய கார்டு என்றால் மின் இணைப்பைத் துண்டித்து, கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். அப்போதும் இயங்காவிட்டால் கார்டை மாற்ற வேண்டியதுதான். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எனக்கு முதல் வழியே போதுமானதாக இருந்தது. முந்தைய இரவு கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டும் சரியாகாதது இப்போது எப்படிச் சரியானது? பிளக் செருகியிருக்கும்வரை, அணைத்த கணினியிலும் நெட்வொர்க் கார்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் சில கணினிகளில் அணைத்த பின்பும் அந்தச் சிறு விளக்கு எரிகிறது. சிக்கி நின்ற கார்டு அதே நிலையில் தொடர்கிறது. மின்சாரம் முழுவதும் வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

பள்ளிக் கணினிகளுக்கு ஓர் எச்சரிக்கை. உத்தரவாதக் காலத்தில் உள்ளவற்றை நாமே திறக்கக் கூடாது. ஆனால் “நெட் வரவில்லை” என்று புகார் தருவதற்குப் பதில், “கோட் 10 காட்டுகிறது, கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டோம்” என்று சொன்னால் சரிசெய்ய வருபவர் தேவையான பொருளோடு வருவார்.

எங்கள் மாணவர்கள் 14 பேரும் தேர்வு எழுதினார்கள். என் மேசை இழுப்பறையில் இப்போது ஒரு யூஎஸ்பி கேபிளும், ‘ஒரு நேரத்தில் ஒன்று’ என்று எழுதிய சீட்டும் எப்போதும் இருக்கின்றன.