14 ஆட்டங்கள் எதைச் சொல்லும்?
சென்னை அணியின் ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு

2023 மே 30, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி விடியற்காலை நான்கு மணி இருக்கும். குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றுகள் இன்னும் இருட்டில்தான் இருந்தன. எங்கள் தாமானில் சில வீடுகளில் மட்டும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதியாட்டம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 2 பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவை. மோகித் சர்மா வீசிய ஐந்தாவது பந்தை ரவீந்திர ஜடேஜா சிக்சருக்கு அடித்தார். கடைசிப் பந்து நான்காகப் போனது. சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-இல், அதே அணி பத்து அணிகளில் பத்தாவது இடத்தில் முடித்தது. ஐபிஎல் வரலாற்றில் சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அந்த வாரம் படிவம் ஐந்து மாணவன் ஒருவன் முகம் வாடி வந்து நின்றான். வாரக் கடைசியில் கார் கழுவும் கடையில் வேலை செய்து சேர்த்த 50 ரிங்கிட்டை, சென்னைதான் ஜெயிக்கும் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறான். "அஞ்சு தடவ ஜெயிச்ச டீம் எப்படி டீச்சர் கடைசியா வரும்?" என்று கேட்டான்.

பந்தயம் கட்டியதற்குக் கிடைக்க வேண்டிய ஏச்சு கிடைத்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல, படிவம் இரண்டில் 'கெபாராங்கலியான்' என்று நாம் படிக்கும் நிகழ்தகவுப் பாடம் போதும்.

ஒரே அணி, ஆறு விதமான முடிவு

முதலில் சென்னை அணியின் ஆறு பருவங்களை வரிசையாகப் பாருங்கள். 2020-இல் ஏழாம் இடம். முதல் முறையாக பிளே-ஆப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 2021-இல் சாம்பியன். 2022-இல் ஒன்பதாம் இடம். 2023-இல் மீண்டும் சாம்பியன். 2024-இல் ஐந்தாம் இடம். 2025-இல் பத்தாம் இடம்.

7, 1, 9, 1, 5, 10. அணியின் உண்மையான திறமை இப்படி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குமா? ஆட்டக்காரர்கள் மாறுகிறார்கள், காயம்படுகிறார்கள், வயதாகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்த ஏற்ற இறக்கம் முழுவதற்கும் அவை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நாம் அதிகம் கவனிக்காத இன்னொரு காரணம் உண்டு. ஒரு பருவத்தின் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்தான். ஒரு திறமையை அளக்க 14 என்பது மிகச் சிறிய எண்.

20 சென் நாணயத்தை எடுங்கள்

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு 20 சென் நாணயத்தை 14 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி என்று குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்துக்குத் திறமை கிடையாது, பயிற்றுநர் கிடையாது, சொந்தத் திடலும் கிடையாது. சரிபாதி வாய்ப்பு மட்டுமே உண்டு. ஆகவே 7 வெற்றி வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம்.

ஆனால் சரியாக 7 வருவது நூற்றுக்கு ஏறக்குறைய 21 முறைதான். 8 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றுக்கு 40 முறை. 10 அல்லது அதற்கு மேலும் வரும், நூற்றுக்கு 9 முறை. அதே அளவுக்கு 4 அல்லது அதற்குக் கீழும் வரும்.

இப்போது சென்னை அணிக்கு வருவோம். 2023-இல் லீக் சுற்றில் 8 வெற்றி, 5 தோல்வி, ஓர் ஆட்டம் மழையால் முடிவில்லை. 2022-இலும் 2025-இலும் 4 வெற்றி, 10 தோல்வி. இவை எல்லாமே திறமையே இல்லாத ஒரு நாணயமும் காட்டக்கூடிய எண்கள்தாம்.

இதனால் கிரிக்கெட் வெறும் பூவா தலையா என்று ஆகிவிடாது. கணக்கை அடுத்த பக்கமிருந்தும் பார்ப்போம். ஓர் அணி உண்மையிலேயே மற்றவர்களைவிடச் சிறந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணியும் பத்துப் பருவங்களில் மூன்றில் 14-க்கு 7 வெற்றியோ அதற்கும் குறைவாகவோதான் பெறும். திறமை இருக்கிறது, 14 ஆட்டங்களுக்குள் அது வெளிப்படாமல் போகிறது, அவ்வளவுதான்.

2023 பருவத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. சேப்பாக்கத்தில் ராஜஸ்தானிடம் சென்னை தோற்றது வெறும் 3 ஓட்டங்களில். அதே திடலில் 200 ஓட்டங்கள் எடுத்தும் பஞ்சாப்பிடம் கடைசிப் பந்தில் தோற்றது. இந்த இரண்டு ஆட்டங்களும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் 10 வெற்றி. முதல் இடத்தில் இருந்த குஜராத்துக்குச் சமம். பெங்களூருவை 8 ஓட்டங்களில் வென்ற ஆட்டம் சாய்ந்திருந்தால் 7 வெற்றி. அப்போது பிளே-ஆப் வாய்ப்பே நழுவியிருக்கலாம். அணி மாறவில்லை, சில பந்துகள் மாறியிருந்தால் போதும்.

162 ஆட்டங்கள் ஆடினால்?

அப்படியானால் ஆட்டங்களைக் கூட்டினால் திறமை தெளிவாகத் தெரியுமா? தெரியும். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 14 ஆட்டங்களில் தற்செயலால் வெற்றி விகிதம் பொதுவாக 13 விழுக்காடு அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 162 ஆட்டங்களில் அந்த ஆட்டம் 4 விழுக்காடாகச் சுருங்கிவிடும். நாணயத்தை அதிக முறை சுண்டச் சுண்ட, விகிதம் அதன் உண்மையான மதிப்பை நெருங்கும். கணிதத்தில் இதற்குப் பேரெண் விதி என்று பெயர்.

ஆனால் அங்கேயும் நீண்ட பருவத்துக்குப் பிறகு குறுகிய பிளே-ஆப் வருகிறது. 2023-இல் அட்லாண்டா 104, பால்டிமோர் 101, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 100 என்று வெற்றிகளைக் குவித்தன. மூன்று அணிகளுமே பிளே-ஆப்பில் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே வெளியேறின. கிண்ணத்தை வென்றது 90 வெற்றிகள் பெற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸ். இறுதித் தொடரில் அதை எதிர்த்த அரிசோனா பெற்றிருந்தது 84 வெற்றிகள்தான். ஆறு மாதம் காட்டிய திறமையை ஒரு வாரம் புரட்டிப் போட்டுவிட்டது.

முதல் இரண்டு இடத்துக்கு ஏன் அவ்வளவு போட்டி?

ஐபிஎல் பிளே-ஆப் அமைப்பு இந்தத் தற்செயலைக் கொஞ்சம் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. முதல் இரண்டு இடத்தில் உள்ள அணிகள் முதல் தகுதியாட்டத்தில் மோதும். வென்ற அணி நேராக இறுதிக்குப் போகும். தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தில் உள்ளவர்கள் ஒரு முறை தோற்றாலே வீட்டுக்குத்தான்.

நான்கு அணிகளும் சம பலம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முதலிரு இடத்து அணி, இரண்டு ஆட்டங்களையும் நேராக வென்று கிண்ணம் பெற வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4. முதலில் தோற்று, பிறகு இரண்டையும் வெல்ல வாய்ப்பு 1/2 × 1/2 × 1/2 = 1/8. இரண்டையும் கூட்டினால் 3/8, அதாவது 37.5 விழுக்காடு. மூன்றாம், நான்காம் இடத்து அணி மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றாக வேண்டும். வாய்ப்பு 1/8, அதாவது 12.5 விழுக்காடு. சம பலம் இருந்தும் மூன்று மடங்கு வித்தியாசம்!

2023-இல் லக்னோவும் சென்னையைப் போலவே 17 புள்ளிகள்தான் பெற்றது. ஓட்ட விகிதத்தில் பின்தங்கியதால் மூன்றாம் இடம். அதனால் வெளியேற்றும் ஆட்டத்தில் மும்பையிடம் தோற்றதும் அதன் பயணம் முடிந்தது. குஜராத்தும் முதல் தகுதியாட்டத்தில் சென்னையிடம் 15 ஓட்டங்களில் தோற்றது. ஆனால் முதல் இடத்தில் இருந்ததால், மும்பையை வென்று மீண்டும் இறுதிக்கு வர முடிந்தது.

மழை வந்தபோது

இறுதியாட்டம் மே 28 அன்று நடந்திருக்க வேண்டும். மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. குஜராத் 4 விக்கெட்டுக்கு 214 ஓட்டங்கள் எடுத்தது. அதில் 47 பந்துகளில் 96 அடித்த சாய் சுதர்சன் சென்னைப் பையன் என்பது தனிக்கதை. சென்னை 3 பந்துகள் ஆடியதும் மீண்டும் மழை. பிறகு 15 ஓவர்களில் 171 என்று இலக்கு திருத்தப்பட்டது.

ஓவர்களை மட்டும் பார்த்தால் 20-இல் 15 என்பது 75 விழுக்காடு. 214-இல் 75 விழுக்காடு 160.5, அப்படியானால் 161 எடுத்தால் போதுமே? பத்து ஓட்டங்கள் ஏன் கூடின? ஓவர் குறைந்தாலும் கையில் உள்ள பத்து விக்கெட்டுகள் குறையவில்லை. 20 ஓவருக்குக் காத்து வைக்க வேண்டிய விக்கெட்டுகளை 15 ஓவரில் செலவழிக்கலாம், துணிந்து அடிக்கலாம். மிஞ்சிய ஓவர்களையும் கையிலுள்ள விக்கெட்டுகளையும் சேர்த்து ஒரே வளமாகக் கணக்கிடுவதுதான் டக்வொர்த் - லூயிஸ் - ஸ்டெர்ன் முறை. 171 என்ற இலக்கிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், சென்னையின் வளம் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது தெரியும்.

இந்த முறை வருவதற்கு முன் நடந்ததை மூத்த இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992 உலகக் கிண்ண அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மழை நின்று வந்தபோது ஒரே பந்தில் 21 என்று ஆகிவிட்டது. அந்த அநியாயம் திரும்ப நடக்காமல் இருக்கவே பிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிசும் தங்கள் முறையை உருவாக்கினார்கள். 1997 முதல் அது புழக்கத்தில் உள்ளது.

நம் பேராக் குழு

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 2018-இல் மலேசியச் சூப்பர் லீக்கில் முதல் இடம் ஜொகூருக்கு. பேராக் இரண்டாம் இடம். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று ஷா ஆலாமில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். திரெங்கானுவுடன் கூடுதல் நேரம் வரை 3-3. பினால்டியில் 4-1 என்று வென்று, 18 ஆண்டுகளுக்குப் பிறகு பேராக் கிண்ணத்தைத் தூக்கியது. லீக் நீண்ட அளவுகோல், கிண்ணம் குறுகிய அளவுகோல். இரண்டும் இரண்டு விதமான விடை சொல்வதில் வியப்பில்லை.

அந்த 50 ரிங்கிட்

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். ஐந்து கிண்ணங்கள் சென்னை நல்ல அணி என்பதற்குச் சான்று. அது பொய்யில்லை. ஆனால் அடுத்த 14 ஆட்டங்களில் என்ன நடக்கும் என்பதற்கு அவை உத்தரவாதம் அல்ல. நல்ல அணிக்கும் மோசமான பருவம் வரும். "இந்த முறை உறுதி" என்று சொல்லி உன்னிடம் பணம் கேட்பவனுக்கும் அடுத்த பந்து என்ன ஆகும் என்று தெரியாது.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா டீச்சர், ஒரு சோதனையில மார்க் கொறஞ்சா நான் மக்குன்னு அர்த்தம் இல்லதானே?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய மாதம் ஒரே ஒரு சோதனையின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவனைப் பின் வரிசையிலிருந்து எழுப்பி முன்னால் உட்கார வைத்தவள் நான்தான்.

அர்த்தம் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்றும் சேர்த்துச் சொன்னேன்: 14 சோதனையிலும் குறைந்தால் அப்போது நாணயத்தைக் குறை சொல்ல முடியாது. அவனும் சிரித்துவிட்டுப் போனான். இப்போது நான் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆண்டு முழுவதற்குமான மதிப்பெண்களை வரிசையாக எழுதி வைத்துப் பார்க்கிறேன். வரிசை நீளும்போதுதான் பிள்ளையின் உண்மையான நிலை தெரிகிறது.