உள்பக்கக் கொண்டி

கார்த்திகை மாதத்துச் சாயங்காலம். மழை விட்டிருந்தது. மாலை போட்ட சாமிமார் ஏறிய வேன்கள் கடையநல்லூர் மெயின் ரோட்டில் செங்கோட்டைப் பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பி, ஒரு கபடிக் குழுவின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஆட்டம் பழகியவர். நான் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும், எந்த ஊர்ப் போட்டி என்றாலும் நோட்டீஸை முதலில் என்னிடம்தான் காட்டுவார். இன்றைக்குக் கொண்டுவந்தது நோட்டீஸ் இல்லை, உறுப்பினர் படிவம்.

"சார், புதுசா பதினெட்டுப் பிள்ளைங்க சேந்திருக்கு. அதுல ஏழு பொம்பளப் பிள்ளைங்க. படிவம் அடிக்கக் குடுக்கதுக்கு முன்னால நீங்க ஒரு பார்வை பாத்திருங்க."

பொம்பளப் பிள்ளைகள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. டிவியில் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தன் மகளைக் கையைப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிவந்த அம்மா ஒருத்தரை எனக்கே தெரியும்.

படிவத்தைப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், எடை, ரத்த வகை. கடைசியில் ஒரே ஒரு வரி: உறுப்பினர்கள் ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்.

"இந்த ஒழுக்கம் யாருக்குத் தம்பி? பிள்ளைங்களுக்கு மட்டுமா? கோச்சுக்கும் உனக்கும் கிடையாதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கோச்சுக்கு எதுக்கு சார்? தெரிஞ்ச பையன். நம்ம ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்காது. ஒருத்தருக்கொருத்தர் எல்லாரும் தெரிஞ்சவங்கதான."

எனக்கு முப்பது வருட உத்தியோகம் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். தெரியாத ஆள் பிள்ளையிடம் நெருங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். தெரிந்த ஆளை யாரும் பார்ப்பதில்லை. அதுவும் கோச் என்றால், யாரை அணியில் எடுப்பது, யாரை உட்கார வைப்பது, விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கச் சான்றிதழ் யாருக்கு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்தால் இழக்கப்போவது ஒரு ஆட்டத்தை மட்டும் இல்லை.

"இந்த வேனெல்லாம் எந்த ஜில்லாவுக்குப் போவுது?" என்று கேட்டேன்.

"சபரிமலை சார். பத்தனம்திட்டா."

அந்தப் பத்தனம்திட்டாவில்தான் 2025 ஜனவரியில் பதினெட்டு வயதான ஒரு தடகள வீராங்கனை, பதின்மூன்று வயதிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாகச் சொன்னது வெளியே வந்தது. பயிற்சியாளர்களும் அதில் உண்டு என்று செய்தி வந்தது. போலீஸ் டஜன் கணக்கில் ஆட்களைக் கைது செய்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது வீட்டுக்கு வந்த ஆலோசகர்களிடம். விளையாடிய இடத்தில் ஐந்து வருடம் அவள் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. 2021 மே மாதம் சென்னையில் பேரெடுத்த தடகளப் பயிற்சியாளர் ஒருவர் கைதானபோதும் இப்படித்தான். ஒரு முன்னாள் வீராங்கனை புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இங்கிலாந்தில் ஒலிம்பிக் நீச்சல் பயிற்சியாளர் பால் ஹிக்சன் 1995-இல் 17 ஆண்டு சிறைக்குப் போனார். விளையாட்டில் குழந்தைகளைக் காப்பதற்கென்று ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று அங்கே தோன்றி, 2001-இல் அதைத் தொடங்கினார்கள்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

தொண்ணூறுகளில் வேறு ஒரு ஊரில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பையன், கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தான் என்றால் ரெய்டர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். ஆள் விட்டுக் கேட்டதற்கு வயிற்று வலி என்று பதில் வந்தது. திமிர் என்று நினைத்தேன். அணிப் பட்டியலில் அவன் பெயரை என் கையாலேயே அடித்தேன். மற்றப் பையன்கள் முன்னால் சோம்பேறி என்றும் சொன்னேன். பதினைந்து வருடம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன், என் மனைவி காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, பயிற்சி முகாமில் ராத்திரி நடந்ததைச் சொன்னான். பயிற்சிக்கு உதவியாக வந்த ஒரு மூத்த ஆட்டக்காரர். அவரைக் கூட்டிவந்தது நான். என் வீட்டில் உட்கார்த்திச் சோறு போட்டவன் நான். "ஏன்டே அப்பவே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "அவரப் போல மனுசன் கிடையாதுன்னு நீங்கதான சார் எப்பவும் சொல்லுவீங்க" என்றான்.

ஆம்பளப் பையனுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டமும் ஆண் பெண் பார்ப்பதில்லை. பதினெட்டு நிறையாத எல்லாப் பிள்ளைக்கும் அது பொது.

"சரி சார், அப்படி ஒண்ணு காதுல விழுந்தா என்ன செய்யணும்? பெரியவங்க நாலு பேர வச்சுப் பேசி, அந்த ஆள விலக்கிட்டா போதாதா?"

போதாது. அது குற்றம். இந்த இடத்தை நான் அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இப்படி நடந்தது என்று தெரிந்தாலோ நடக்கும் என்று அச்சம் இருந்தாலோ போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 'யாராக இருந்தாலும்' என்பதுதான் அதன் வார்த்தை. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஒரு வருடம் வரை. பேசி முடித்து வெளியே அனுப்பிய ஆள் அடுத்த ஊர்ப் பிள்ளைகளிடம் விசிலை மாட்டிக்கொண்டு போய் நிற்பான் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

விசாரித்துப் பார்த்து உண்மையா என்று தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம் நமக்கு உண்டு. விசாரிப்பது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளை வந்து சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், குறுக்குக் கேள்வி கூடாது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது, அதைக் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கோ பேச வேண்டும். ஸ்டேஷன் என்றதும் பெற்றோர் பயப்படுவார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே வைத்து வாங்கலாம், வருகிற அதிகாரி யூனிஃபார்மில் வரக் கூடாது, பெயர் வெளியே போகக் கூடாது என்றெல்லாம் சட்டத்தில் எழுதியிருப்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெரிய பெண்களுக்கு 2013 சட்டம் இருக்கிறது. வேலை இடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் அந்தச் சட்டம், விளையாட்டு அரங்கையும் பயிற்சி இடத்தையும் வேலை இடம் என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்த பிறகுதான், தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் பலவற்றில் புகார் குழுவே ஒழுங்காக இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. டெல்லியிலேயே அப்படி என்றால், நம் குழு நாமே எழுதிக்கொள்ளாமல் யார் எழுதித் தருவார்கள்?

இரண்டாவது டீ வந்தது. தம்பி பேனாவை எடுத்துப் படிவத்தின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். அவருக்கு இருந்த பெரிய சந்தேகம் தொடுவதைப் பற்றி. "கபடி தொட்டுத்தான சார் சொல்லிக்குடுக்கணும்?"

ஆமாம். தொடைப் பிடியும் இடுப்புப் பிடியும் வாயால் சொன்னால் வராது. கை வைப்பதற்கு முன்னால் 'இப்ப இடுப்பப் பிடிச்சுக் காட்டப் போறேன், சரியா' என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பிடிப்பது ஒரு பழக்கம். நல்ல கோச்சுக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை. பொம்பளப் பிள்ளைகளுக்கு இன்னொரு பிள்ளையை விட்டே பிடித்துக் காட்டச் சொல்லலாம். தசை பிடித்துக்கொண்டால் தைலம் தேய்ப்பது மைதானத்து ஓரத்தில், நாலு பேர் பார்க்க. எடை பார்க்கிற மெஷின்தான் நாம் யாரும் யோசிக்காத இடம். கால் கிலோ கூடுகிறது என்று பையன்களை ஜட்டியோடு வரிசையில் நிறுத்திச் சிரிப்பதை நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பி எடை இறக்கிய பையன் ஒருவன் கோர்ட்டுக்குள் மயங்கி விழுந்ததும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை இறக்கக் கூடாது, பொம்பளப் பிள்ளைகளுக்குப் பெண்தான் எடை பார்க்க வேண்டும். இரண்டும் விதியில் வரட்டும் என்றேன்.

வாட்ஸப்பில் கோச் தனியாக எந்தப் பிள்ளைக்கும் மெசேஜ் போடுவதில்லை, குரூப்பில் ஒரு தாயோ தகப்பனோ கட்டாயம் இருக்க வேண்டும். பைக்கில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றி வீட்டில் விடுவதும் கிடையாது. இதைச் சொன்னபோது தம்பி தயங்கினார். நம் ஊரில் பாதி வீட்டில் அப்பா வளைகுடாவில். சாயங்காலம் ஏழரை மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக ஆள் கிடையாது. கோச்தான் கொண்டுபோய் விடுகிறார், பரீட்சைக்கு ஃபீஸ் கூடக் கட்டுகிறார். அந்தப் பிரியத்தை நான் குறை சொல்லவில்லை. அப்பா வருடத்துக்கு ஒரு மாதம் வருகிற வீட்டில், தட்டிக்கொடுக்கிற ஒரு ஆம்பளையைப் பிள்ளை தேடத்தான் செய்யும். அந்தத் தேட்டத்தைத் தப்பாகப் பயன்படுத்த நினைக்கிறவனுக்கும் அது தெரியும் என்பதுதான் என் பயம். அரை மணி நேரம் முன்னால் பயிற்சியை முடித்து, தெரு வாரியாகப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார்.

ஆட்டக்காரர்களின் நடத்தையைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அம்பயரிடம் கத்துவது, அடிபட்டவனை மறுபடி இறக்குவது இதெல்லாம் அவருக்கே தெரியும். 2025 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்புப் பையனை இறக்கிக் கை விரல்களை வெட்டினார்கள். அவன் அணி கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றும், வெட்டியவர்கள் வேறு சாதி என்றும் வீட்டார் சொன்னார்கள். அதனால் பனியனில் சாதி நிறம் கூடாது, கையில் கயிறு கூடாது, ஆட்டம் முடிந்து ஊர்ப் பேரையோ தெருப் பேரையோ சொல்லிக் கத்தினால் அடுத்த போட்டிக்கு அவன் கிடையாது. எவ்வளவு நல்ல ரெய்டராக இருந்தாலும். தம்பி இதை எழுதிவிட்டு அடிக்கோடு போட்டார்.

"குத்தாலம் சார்?" என்று கேட்டார். சீசனில் எந்தக் குழு ஜெயித்தாலும் அருவிக்குப் போகாமல் இருந்ததில்லை. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போனான். மேலே காட்டில் பெய்த மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. வண்டியில் ஏறும்போது தலை எண்ண வேண்டும், தண்ணீரில் இறங்கும்போதும் எண்ண வேண்டும். பெற்றோர் கையெழுத்து வேண்டும், பொம்பளப் பிள்ளைகள் வந்தால் கூட ஒரு பெண் வர வேண்டும், ராத்திரி தங்கினால் பெரியவர்களுக்கு வேறு அறை.

1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த குழு அது. பொதுக்குழு கூட்டி இவற்றைத் துணை விதியிலேயே சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்தால் அடுத்த செயலாளர் வந்தாலும் விதி நிற்கும். பிள்ளைகள் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கோச்சுக்குச் சொந்தமாகவோ செயலாளருக்குக் கூட்டாளியாகவோ இருக்கக் கூடாது. கூடுமானால் பெண்ணாக இருக்கட்டும், அவர் நம்பரை மைதானத்துச் சுவரில் பெரிதாக எழுதி வை என்றேன். ஏழு பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாராம், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

"பிள்ளைங்க டிரஸ் எங்க மாத்துது?"

"மேட் அடுக்கி வைக்க ரூம்ல சார். கதவு இருக்கு, நல்லாப் பூட்டிக்கிடலாம்."

"சாவி யார்கிட்ட?"

"கோச்கிட்ட."

"உள்பக்கம் கொண்டி இருக்கா?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிள்ளைகள் மாற்றுவதற்குத் திரையும் வாசலில் ஒரு அக்காவும் இருந்தால் போதும் என்றேன். பெரிய ஆள் யாரும் உள்ளே போய்த் தாழ் போட முடியாத அறையாக இருக்க வேண்டும்.

தம்பி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். யாரோ ஒரு ஆசாரியிடம் பேசினார். "அண்ணே, திருப்புளி எடுத்துக்கிட்டு நம்ம கிரவுண்டுக்கு வாங்க. இல்லண்ணே, நாளைக்கு வேண்டாம். இப்பவே வாங்க, நான் வாசல்ல நிக்கேன்."