மண் மூடுவதற்கு முன்

சொந்த வீடு – 7

வரைபட அனுமதி இப்போது முன்போல் மாதக்கணக்கில் இழுக்கும் காரியமில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். இலுப்பூர் போன்ற பேரூராட்சியில் மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அனுமதித் தாள் கைக்கு வந்ததும் ஜேசிபிக்குச் சொல்லிவிடக் கை பரபரக்கும். பொறுங்கள். மனைக்குள் முதலில் வரவேண்டியது போர் வண்டி.

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் ஓடும் ஊற்றைத் தொட்டால்தான் தண்ணீர். பக்கத்து மனையில் கிடைத்ததால் நமக்கும் கிடைக்கும் என்று இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. வீடு எழும்பிய பிறகு போர் போடலாம் என்று தள்ளி வைத்தால், அவ்வளவு பெரிய வண்டி உள்ளே நுழைய வழி இருக்காது. கழிவுத்தொட்டி எங்கே வரப்போகிறது என்பதையும் அன்றே முடிவு செய்து, மனை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு தூரம் இரண்டையும் பிரித்து வையுங்கள். வந்த தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதும் அவசியம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடித்து, சில வருடங்களில் சிமென்ட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். போர்த் தண்ணீர் தேறவில்லை என்றால் கலவைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மனையில் முளையடித்துக் கயிறு கட்டுவது. மூலைமட்டம் வைத்து மேஸ்திரி பார்த்துவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே டேப் பிடித்துப் பாருங்கள். 30க்கு 40 அடி வீடென்றால் இரண்டு குறுக்களவும் சரியாக 50 அடி வரவேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூலை கோணல். அந்தக் கோணல் டைல்ஸ் ஒட்டும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

பிறகு வானம் தோண்டுதல். எனக்கு இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. "அண்ணே, நாலடி போதும்ணே, இந்தப் பக்கம் எல்லாரும் நாலடிதான் போட்டிருக்காக" என்று சொல்வார்கள். ஆழத்தை முடிவு செய்ய வேண்டியது மண்தான். ஒரே தெருவில் ஒரு மனையில் மூன்றடியிலேயே சரளை தட்டும். குளத்தை ஒட்டிய மனையில் ஆறடி போயும் களிமண்ணாகவே வந்துகொண்டிருக்கும். களிமண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். அதன்மேல் நின்ற சுவர், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விடும். அப்படிப்பட்ட மனையில் மேஸ்திரியின் அனுபவத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மண் பரிசோதனை செய்து, பொறியாளரிடம் அடித்தளத்துக்குத் தனி வரைபடம் வாங்கிவிட வேண்டும். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகை. சமையலறைக் கல்லுக்கும் வாசல் கதவுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள் இதில் கையை இறுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதைக்கிறது.

குழியின் அடியில் ஒன்றரை ஜல்லி போட்டு மட்டக் காங்கிரீட், அதன்மேல் பாய்க்கம்பி. இங்கேதான் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டை வருகிறது. அடித்தளக் கம்பிக்குக் கீழே 50 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டு அங்குலம், காங்கிரீட் இருக்க வேண்டும். தூண் கம்பியைச் சுற்றி 40. மண்ணின் ஈரம் கம்பியைத் தொடாமல் காப்பது இந்த இடைவெளிதான். அன்னவாசல் சாலையில் ஒரு வீட்டு வேலையில் கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்கார அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பாய்க்கம்பிக்கு அடியில் மூன்று விரலைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை, முட்டுக் கொடுத்திருந்த ஜல்லித்துண்டு நழுவிக் கம்பி அடியோடு ஒட்டிக் கிடந்தது. "அண்ணே, இந்த மூலையைத் தூக்கி கட்டையை வச்சுட்டு அப்புறம் கொட்டச் சொல்லுங்க" என்றார். மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே கம்பியை நெம்பிப் பிடித்தார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காங்கிரீட் விழுந்த பிறகு அந்தக் குறையை உலகத்தில் யாராலும் சரி செய்ய முடியாது.

இதைப்போலத்தான் எல்லாக் கட்டமும். ஒவ்வொன்றும் முந்தையதை மூடிக்கொண்டே போகிறது. அதனால் மூடுவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் அங்கே இருக்க வேண்டும். கம்பி கட்டி முடித்ததும், குழாய் புதைத்ததும், கரையான் மருந்து அடித்ததும் டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கரையான் மருந்தை மறக்கவே கூடாது. செம்மண் பூமி இது. அடித்தளப் பக்கங்களிலும் தரைக்கடியிலும் மண் நிரப்பும்போதே அடித்தால்தான் பலன்.

தூண் தரைமட்டத்துக்கு வந்து, பெல்ட் போட்டு, பேஸ்மட்டம் கட்டியதும் உள்ளே மண் நிரப்ப வேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளுவதும், குளத்து வண்டலை வாங்கிக் கொட்டுவதும் இரண்டுமே தவறு. வண்டல் வயலுக்குப் போகட்டும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும்தான் அரசு அதை இலவசமாக அள்ளவிடுகிறது. வீட்டுக்குக் கிராவல்தான் சரி. அதையும் லாரி லாரியாக ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடி முக்காலடி உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு, பிறகு அடுத்த அடுக்கு. இல்லையென்றால் குடிபோன முதல் ஐப்பசி கார்த்திகையில் தரை உள்வாங்கும்.

உயரம் எவ்வளவு? தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, பல ஊர்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். ஆனாலும் தெரு மட்டத்திலிருந்து மூன்றடியாவது ஏற்றிக்கொள்வதே என் யோசனை. முதியவர்கள் இருக்கும் வீட்டில் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளத்துக்கும் இப்போதே இடம் விடுங்கள்.

அடித்தளத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால், இலுப்பூரிலிருந்து அதிக தூரமில்லாத கொடும்பாளூரில் பூதி விக்ரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலைப் போய்ப் பாருங்கள். மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே. ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் அந்தக் கல்வரிசை மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இலுப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், அரசு உதவியில் கட்டுகிறவர்களின் நிலைமை வேறு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், வேலை வளர வளரத் தவணையாக வருகிறது. முதல் தவணைக்கு முன் பள்ளமும் கல்லும் கம்பியும் கைக்காசில்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த இடத்தில்தான் வட்டிக்கு வாங்குகிறது. பேஸ்மட்டத்தோடு நின்று, உள்ளே சீமைக்கருவேலம் முளைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பணம் வரத் தாமதமானால், நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி வையுங்கள். திரும்பத் தொடங்கும்போது துருவைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கட்டலாம்.

கடைசியாகத் தண்ணீர் விடுதல். சாதாரணச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் கடும் வெயிலுக்கும் 10 நாள் என்பது விதி. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். இலுப்பூர் சித்திரை வெயிலில் 14 நாளே நல்லது. தூணுக்குச் சணல் சாக்கைச் சுற்றி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை நாளில் சித்தாள் அக்கா ஊற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் ஊர்த் திருவிழா நாளும்தான் சாக்கு காயும். அந்த நாட்களில் குழாயைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். வாரக் கூலிக் கணக்கு பேசும்போதே இதையும் பேசி, யார் எந்த நாள் என்று பெயர் எழுதிச் சிமென்ட் ஷெட் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம் நிலைவாசல்: எந்த மரம், எப்போது வாங்குவது, வைக்கும் நாளுக்கு எத்தனை மாதம் முன்பே ஆசாரியிடம் சொல்லி வைப்பது.