ஹேங்கரில் எத்தனை, வானத்தில் எத்தனை?

பிள்ளையை பைலட்டுக்குப் படிக்க வைக்கக் கடன் கேட்டு வங்கிக்கு வருகிற பெற்றோர் முதலில் நீட்டுவது பள்ளியின் வண்ணப் புத்தகத்தைத்தான். வழவழ தாளில் தோள்பட்டை பூராவும் தங்கக் கோடு போட்ட ஒரு பையன், பின்னால் வெள்ளை விமானம், கீழே ‘18 மாதத்தில் கமர்ஷியல் பைலட்’. கரூரில் கடன் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். தறிக்கும், பஸ் பாடி கட்டும் பட்டறைக்கும் கடன் எழுதிப் பழகிய கை. அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருவது தொழில் கேள்வி: மிஷின் எத்தனை, அதில் ஓடுவது எத்தனை? ஓய்வு பெற்ற பிறகு என் தங்கை மகளே பைலட் ஆகணும் என்று வந்து நின்றாள். அவளோடு சில பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தேன். விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கணக்கு தெரியும்.

முதலில், நாம் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சீருடை, ஹாஸ்டல், ஏசி வகுப்பறை எல்லாம் மேல்பூச்சு. வாங்குவது 200 மணி நேரப் பறப்பு. கமர்ஷியல் லைசென்சுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, கேட்கும் அளவு அது. அதில் 100 மணி நேரம் மாணவரே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் பயணம் 20 மணி. அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி, இரவில் 5 மணி. இத்தனையும் பதிவேட்டில் ஏறினால்தான் லைசென்ஸ்.

பள்ளிக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது மருத்துவச் சோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன் பிறகு முதல் வகுப்புச் சான்று. கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. ஆனால் நிறக்குருடு போன்றவை வெளியே தெரிவது அங்கேதான். பள்ளிக்கு முதல் தவணை கட்டிவிட்டு, பிறகு மருத்துவத்தில் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று தாள் வாங்கி வந்த ஒரு குடும்பத்தை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். பையன் பூமியிலேயே நின்றான், வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, எழுத்துத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டையும் எழுதிவிட்டு வருகிறார்கள். பிறகு டிஜிசிஏயிடம் பதிந்து ஓர் எண் வாங்க வேண்டும். பிள்ளைகள் அதைக் ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்கிறார்கள். அது கையில் இருந்தால் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் ஜெனரல் ஆகிய தாள்களை எந்தப் பள்ளியிலும் சேராமலே எழுதலாம். தேர்ச்சிக்கு 70 சதவீதம். எந்த விமானத்தில் பயிலப் போகிறார்களோ அதைப் பற்றிய ஒரு தாள் மட்டும் சேர்ந்த பிறகு. ரேடியோவில் பேசுவதற்கான தேர்வு தனி. நான்கு தாளையும் வீட்டிலிருந்தே முடித்துவிட்டுப் போகிற பிள்ளை பறக்க மட்டும் போகிறது. முடிக்காமல் போகிற பிள்ளைக்கு, விமானம் இல்லாத நாளெல்லாம் “வகுப்பு நடக்கிறதே” என்று சமாதானம் சொல்ல பள்ளிக்கு வசதியாகப் போகும்.

இனி, நாங்கள் பார்த்த ஒரு பள்ளி. வட இந்தியாவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். 12 விமானம், 60 மாணவர்கள் என்று வரவேற்பறையில் சொன்னார்கள். நான் ஹேங்கரைப் பார்க்கணும் என்றேன். மார்க்கெட்டிங் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, டீ வரவழைத்தார். டீ குடித்துவிட்டுத் திரும்பவும் கேட்டேன். உள்ளே போனதும் தங்கை மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, அந்த ரெண்டுல ப்ரொப்பெல்லரே இல்லீங்க.” ஒன்றுக்கு இன்ஜின் இருந்த இடத்தில் நீல பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கயிறு கட்டியிருந்தது. இன்னொன்றின் டயர் காற்றிறங்கித் தரையோடு தரையாகப் பட்டுக் கிடந்தது. இறக்கை மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. அடுத்த அறையில் ஒரு வெள்ளைப் பலகை. இடது ஓரத்தில் விமானங்களின் பதிவெண்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரே அன்றைக்குப் பறக்கும் மாணவர் பெயர்கள். ஏழு எண்களுக்கு நேரே பெயரே இல்லை, சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும். அந்தக் கோடு நேற்று போட்டதல்ல. காய்ந்து, அழித்தாலும் போகாத கோடு.

அங்கேயே துண்டுத் தாளில் கணக்குப் போட்டேன். 60 மாணவர், தலைக்கு 200 மணி; மொத்தம் 12,000 மணி. மழை, மூடுபனி, ஐம்பது மணிக்கும் நூறு மணிக்கும் ஒரு தடவை வரும் பராமரிப்பு எல்லாம் போக, ஒரு விமானம் மாதம் 60 மணி பறக்கும் என்று வைத்துக்கொண்டேன். 12 விமானமும் பறந்தால் மாதம் 720 மணி. 17 மாதத்தில் எல்லோரும் முடித்துவிடலாம். புத்தகத்தில் போட்டிருந்த 18 மாதம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பறப்பது ஐந்துதான் என்றால் மாதம் 300 மணி. 40 மாதம் ஆகும். நடுவில் புது பேட்ச் சேர்த்தால் இன்னும் நீளும். தறி ஓடாத கூடத்துக்கு நூல் கடன் கொடுக்காதே என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விமானத்துக்கு மட்டும் ஏன் அந்தப் புத்தி வரமாட்டேன் என்கிறது, தெரியவில்லை.

தாமதத்துக்கு விலை உண்டு. 50 லட்சம் கடன், பத்து சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 41,600 ரூபாய். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். லைசென்சுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணியாவது தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும் என்றும் விதி. 190 மணியில் நின்றுபோன பிள்ளை, கை விட்டுப்போனதால் திரும்பவும் பயிற்றுநரோடு பறந்து, அதற்குத் தனியாகப் பணம் கட்டுகிறது.

பயிற்றுநர் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உதவிப் பயிற்றுநர், பயிற்றுநர், தலைமைப் பயிற்றுநர் என்று மூன்று படி. மாணவரை முதன்முதலாகத் தனியே பறக்க அனுப்பும் அதிகாரம் உதவிப் பயிற்றுநருக்கு இல்லை. ‘எட்டு பேர் இருக்கிறார்கள்’ என்பார்கள். அதில் எத்தனை பேர் உதவி என்று கேளுங்கள். அனுப்பக்கூடிய ஒருவர் லீவில் போனால் சோலோவுக்குத் தயாரான பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

விமான நிலையத்தையும் பாருங்கள். பயணிகள் விமானம் அடிக்கடி வந்து போகிற இடமென்றால் சின்ன விமானம் இன்ஜினை ஓடவிட்டபடி ஓரத்தில் காத்திருக்கும். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரை கணக்கு. காத்திருப்புக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். ஓடுபாதையில் இரவு விளக்கு உண்டா என்பதும் முக்கியம், இல்லாவிட்டால் அந்த ஐந்து மணி நேரத்துக்கு வேறு ஊர் போக வேண்டும். வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. 1985இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. மகாராஷ்டிரத்தின் கோந்தியாவில் ஒரு பெரிய பள்ளி. 2022இல் விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிக்கென ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் நம் சேலமும் ஒன்று. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. உயர்ந்த தரத்தில் ஒரு பள்ளிகூட இல்லை. ‘பி’ தரத்தில் 13, மீதி 22ம் ‘சி’. வண்ணப் புத்தகங்கள் பேசிய பேச்சுக்கு அரசாங்கமே போட்ட மார்க் அது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்; சேர்வதற்கு முன் கடைசியாக வந்ததைப் பாருங்கள்.

வெளிநாடு? அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விமானமும் வானிலையும் தோதாக இருப்பதால் சீக்கிரம் முடிகிறது, உண்மை. ஆனால் திரும்பி வந்ததும் இங்கே டிஜிசிஏ தாள்களில் தேர்ச்சியும் பறப்புத் தேர்வும் இருந்தால்தான் இந்திய லைசென்ஸ். டாலர் ஏற்றமும் உங்கள் தலையில். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது.

லைசென்ஸ் வந்தால் வேலை வந்த மாதிரி என்பது இன்னொரு நினைப்பு. 2023இல் மட்டும் டிஜிசிஏ 1,622 கமர்ஷியல் லைசென்ஸ் கொடுத்தது. ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்துக்கென்று டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சி வேறு இருக்கிறது. அதற்குப் பல லட்சம். பட்ஜெட் போடும்போதே அதை எழுதிவிடுங்கள். ஃபீஸ் ரசீதில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்: டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் ஒப்புதல் பெற்ற பயிற்சிக்கு வரி இல்லை என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

தங்கை மகள் சேர்ந்தது சின்னப் பள்ளி. கட்டடம் பழசு, வண்ணப் புத்தகமே இல்லை. ஆனால் பலகையில் எல்லா விமானத்துக்கு நேரேயும் பெயர் இருந்தது. மதியம் கேன்டீனில் சீனியர் பிள்ளைகளிடம் “போன மாசம் எத்தனை மணி பறந்தீங்க?” என்று அவளையே விட்டுக் கேட்கச் சொன்னேன். அதற்கு அவர்கள் உடனே ஒரு எண்ணைச் சொன்னார்கள். முந்தைய பள்ளியில் இதே கேள்விக்குச் சிரித்தார்கள்.

பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், தள்ளுபடி எவ்வளவு என்றாலும் கட்டாதீர்கள். 25 மணி அல்லது 50 மணி பறந்து முடித்ததும் அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள். விமானம் இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு மேல் பயிற்சி நின்றால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.