விலை வேறு, மதிப்பு வேறு

பொருளின் விலையும் அதன் மதிப்பும் ஒன்றுதானா? பொருளியல் வகுப்பில் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. பாடநூல் தரும் விடையைச் சொன்ன பிறகு, நான் ஓர் ஓவியத்தின் கதையையும் சொல்வது வழக்கம். விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியங்கள்மீது எனக்குள்ள நெடுநாள் காதலே அதற்குக் காரணம்.

அந்த ஓவியத்தின் பெயர் 'ஃபிளேமிங் ஜூன்'. தமிழில் 'தகிக்கும் ஜூன்' எனலாம். வெயிலில் மின்னும் கடலின் முன்னே, செம்மஞ்சள் ஆடை உடுத்திய பெண்ணொருத்தி சுருண்டு படுத்து உறங்குகிறாள். மேல் மூலையில் ஓர் அரளிக் கிளை. அரளியின் நஞ்சை அறிந்த நமக்கு, உறக்கத்துக்கும் மரணத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதை அந்தக் கிளை சொல்லாமல் சொல்லிவிடும்.

இதை வரைந்த பிரடெரிக் லெய்டன், லண்டன் ராயல் அகாதெமியின் தலைவராக இருந்தவர். 1895-இல் அங்கே இந்த ஓவியம் காட்சிக்கு வந்தது. 'தி கிராஃபிக்' இதழ் இதனை வாங்கி, வண்ணப் பிரதியாக அச்சிட்டு வாசகர்களுக்கு வழங்கியது. அவ்வளவு புகழ்பெற்ற ஓவியம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின்னர் இருக்குமிடம் தெரியாமல் போயிற்று. 1960-களின் தொடக்கத்தில்தான் லண்டனில் ஒரு வீட்டில் மீண்டும் கிடைத்தது. 1963-இல் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த தொழிலதிபர் லூயிஸ் ஃபெர்ரே, போன்சே நகரில் தாம் நிறுவிய அருங்காட்சியகத்துக்காக 2,000 பவுண்டுக்கு அதனை வாங்கினார்.

இது விதிவிலக்கன்று. லாரன்ஸ் அல்மா-தடேமாவின் 'மோசேயைக் கண்டெடுத்தல்' 1904-இல் முடிக்கப்பட்டது. விக்டோரியா அரசி மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அந்தக் காலத்தின் ரசனையிலேயே பிறந்த படைப்பு அது. அஸ்வான் அணையைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஜான் ஏர்ட் அதற்கு 5,250 பவுண்டு கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே ஓவியத்தைச் சொற்ப விலைக்குக்கூட விற்பது அரிதாயிற்று. ஆனால், 2010-இல் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 3 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. ஓவியத்தில் ஒரு தூரிகைத் தீற்றல்கூட மாறவில்லை, மாறியவர்கள் பார்த்தவர்களே.

ஏன் இந்த வீழ்ச்சி? 1910-இல் ரோஜர் ஃபிரை லண்டனில் நடத்திய கண்காட்சி, செசான், வான் கோ, கோகன் ஆகியோரின் புதிய கலையை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தியது. அடுத்து வந்த முதல் உலகப் போர், முந்தைய தலைமுறையின் நம்பிக்கைகளோடு அதன் ரசனையையும் குலைத்தது. கதை சொல்லும் ஓவியம், கனவு காணும் ஓவியம் எல்லாம் கேலிக்கு உள்ளாயின. விக்டோரியா கால ஓவியத்தை விரும்புவதாகச் சொல்லிக்கொள்வதே படித்தவர்களுக்குக் கூச்சமாயிற்று.

ஃபிரையின் நண்பர்களில் ஒருவர் பொருளியல் மேதை கெயின்ஸ். பங்குச் சந்தையை அவர் 1936-இல் ஓர் அழகுப் போட்டியோடு ஒப்பிட்டார். அந்தப் போட்டியில் பரிசு பெற விரும்புபவர், தமக்கு அழகாகத் தோன்றும் முகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. மற்றவர்கள் எதை அழகென்று கருதுவார்கள் என்று ஊகித்துத் தேர்ந்தெடுக்கிறார். ஓவியச் சந்தையில் நிகழ்ந்ததும் இதுவே. தம் நண்பர் குழாம் புறக்கணித்த ஓவியங்களின் விலைக்கும் கெயின்ஸின் உவமை பொருந்துவது ஒரு நகைமுரண்.

இந்த ஓவியங்கள்மீது சொல்லப்படும் குறைகள் அனைத்தும் பொய்யல்ல. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லிவர்பூல் நகரங்களின் ஆலைப் புகைக்கும் வணிகத்துக்கும் நடுவே செல்வம் சேர்த்தவர்கள் இவற்றை விரும்பி வாங்கினர். புகை சூழ்ந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்குப் பூக்கள் நிறைந்த கனவு தேவைப்பட்டது. அக்கனவில் பெண்கள் பெரும்பாலும் உறங்குகிறார்கள், ஏங்குகிறார்கள் அல்லது இறக்கிறார்கள்.

ஜான் எவரெட் மில்லேயின் 'ஒபீலியா'வை எண்ணிப் பாருங்கள். 1851-இல் சர்ரே பகுதியின் ஆற்றங்கரையில் பல மாதங்கள் அமர்ந்து, ஒவ்வொரு இலையையும் பூவையும் நேரில் பார்த்து வரைந்தார் அவர். பிறகு லண்டனில், நீர் நிரப்பிய தொட்டியில் எலிசபெத் சிடால் என்ற இளம்பெண்ணைப் படுக்கவைத்து உருவத்தைத் தீட்டினார். நீரைச் சூடாக வைத்திருந்த விளக்குகள் ஒருநாள் அணைந்துபோயின. அவர் குளிரில் விறைத்து நோயுற்றார். அவருடைய தந்தை மருத்துவச் செலவைக் கேட்டு மில்லேக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

சிடால் தாமே ஓவியம் வரைந்தவர், கவிதை எழுதியவர். அவர் வரைபவற்றைப் பெற்றுக்கொண்டு ஆண்டுக்கு 150 பவுண்டு தர 1855-இல் ஜான் ரஸ்கின் முன்வந்தார். ஆயினும் 32 வயதில் மறைந்த அவரை உலகம் நெடுங்காலம் நீரில் மிதக்கும் முகமாக மட்டுமே அறிந்திருந்தது. இதுவும் மதிப்பீட்டில் நேர்ந்த பிழைதான். ஓவியங்களின் விலையைச் சந்தை ஒருவாறு திருத்திக்கொண்டது. இந்தப் பிழை இப்போதுதான் மெல்லத் திருத்தப்படுகிறது.

இவை அனைத்தும் தெரிந்த பிறகும் 'ஒபீலியா'வைப் பார்க்கும்போது என் மனம் நெகிழ்கிறது. அந்த ஆற்றங்கரைப் பசுமையில், இயற்கையின்முன் பொறுமையோடு அமர்ந்திருந்த ஒரு மனிதனின் கண்களை நான் காண்கிறேன். குறையறிந்து கொள்ளும் அன்பே நிலைக்கும் என்பது ஓவியத்துக்கும் பொருந்தும்.

2020-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் போன்சே அருங்காட்சியகம் சேதமடைந்தது. 'ஃபிளேமிங் ஜூன்' கடல் கடந்து, 2024-இல் லண்டன் ராயல் அகாதெமியில் மீண்டும் காட்சிக்கு வந்தது. ஒரு காலத்தில் யாரும் தேடாத ஓவியத்தைக் காண இப்போது மக்கள் திரண்டனர். ஊரே ஏளனம் செய்த நாளில் ஒருவர் தம் கண்களை நம்பி அதை வாங்கியிராவிட்டால், அது இன்று எங்கே இருந்திருக்கும்?

இன்று நாம் பழையது, மலிவானது என்று ஒதுக்குபவற்றுள் எத்தனை இத்தகையவை என்று நமக்குத் தெரியாது. எனவே, ஒதுக்கினாலும் அழிக்காமல் விடுவதே அறிவுடைமை. விலையை அறிய ஏலச்சீட்டைப் பார்த்தால் போதும். மதிப்பை அறிய ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும்.